கொத்தவரைப் பிசினா, புளியங்கொட்டைப் பாலிசாக்கரைடா?

மருந்தைப் பல மணி நேரத்துக்குச் சீராக வெளியிட வேண்டிய மாத்திரைக்குள், நீரை உறிஞ்சிக் கூழாகும் துணைப்பொருள் ஒன்று தேவை. மரக்கூழிலிருந்தோ பருத்தியிலிருந்தோ கிடைக்கும் செல்லுலோஸை வேதிமாற்றம் செய்து தயாரிக்கும் ஹெச்.பி.எம்.சி. (ஹைட்ராக்சிபுரோப்பைல் மெத்தில்செல்லுலோஸ்) தான் இன்று இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. அதற்குப் போட்டியாக நிற்கக்கூடிய தாவரப் பொருள்களில், நம் நாட்டிலேயே தாராளமாகக் கிடைக்கும் இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்: கொத்தவரைப் பிசின், புளியங்கொட்டைப் பாலிசாக்கரைடு (பாலிசாக்கரைடு என்பது சர்க்கரை அலகுகள் பல கோத்த நீண்ட மூலக்கூறு).

மூன்றும் வேலை செய்யும் விதம் ஏறத்தாழ ஒன்றே. 37 டிகிரி வெப்பமுள்ள கரைதல் சோதனைக் கலத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து மாத்திரையை எடுத்துப் பிளேடால் குறுக்கே வெட்டினால், வெளியே வழவழப்பான கூழ் வளையமும் உள்ளே நனையாத வெள்ளை மையமும் தெரியும். மருந்து இந்த வளையத்தின் ஊடாகக் கசிந்தும், வளையம் தேயத் தேயவும் வெளியேறுகிறது. வளையம் உருவாகத் தாமதித்தால் மேற்பரப்பிலுள்ள மருந்து தொடக்கத்திலேயே கொட்டிவிடும் என்பதால், நான் முதலில் பார்ப்பது நனையும் வேகத்தைத்தான்.

அந்த வகையில் குவார் எனப்படும் கொத்தவரைப் பிசின் முந்துகிறது. மேனோஸ் என்னும் சர்க்கரை அலகுகளின் தொடரில், இரண்டு மேனோஸுக்கு ஏறக்குறைய ஒரு கேலக்டோஸ் சர்க்கரைக் கிளை என்ற அமைப்பால், அது குளிர்ந்த நீரிலேயே ஊறிக் கெட்டியாகிறது. தூள் எவ்வளவு நுண்மையோ அவ்வளவு விரைவாக ஊறும். மின்னூட்டம் இல்லாததால், இரைப்பையின் அமிலத்தன்மை அதன் ஊறலைப் பெரிதும் மாற்றுவதில்லை. பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும் என்பதால், பெருங்குடலில் மருந்து வெளியாக வேண்டிய மாத்திரைகளுக்கு, என் கணிப்பில், ஹெச்.பி.எம்.சி.யைவிடக் குவாரே பொருத்தமானது.

ஆனால் அறுவடைக்கு அறுவடை அதன் பாகுத்தன்மை மாறுகிறது. உலக உற்பத்தியில் பெரும்பகுதி இந்தியாவில், குறிப்பாக ராஜஸ்தானில் விளைகிறது. எண்ணெய்க் கிணறுகளில் பாறை பிளக்கும் தொழிலும் இதே பிசினை வாங்குவதால் 2012-இல் விலை தாறுமாறாக ஏறியது. அதைவிடக் கவலைக்குரியது, 2007-இல் ஐரோப்பாவுக்குச் சென்ற இந்தியக் குவாரில் டையாக்சின், பென்டாகுளோரோஃபீனால் ஆகிய நச்சுப்பொருள்கள் கண்டறியப்பட்டது.

புளியங்கொட்டைப் பாலிசாக்கரைடு வேறு குணம் கொண்டது. குளுக்கோஸ் தொடரில் சைலோஸ், கேலக்டோஸ் என்னும் சர்க்கரைகள் கிளைத்த இந்தப் பொருள் குளிர்நீரில் ஊறிப் பரவுமே தவிர, முழுமையாகக் கரையச் சூடு வேண்டும். அதனால் மிக எளிதில் கரையும் மருந்துக்கு இதைத் தனியாக நம்ப எனக்குத் தயக்கம் உண்டு. அப்படி எளிதில் கரையும் நீரிழிவு மருந்தான மெட்பார்மினுக்கு அளவே 500 மில்லிகிராம். அதோடு போதுமான பிசினையும் சேர்த்தால் மாத்திரை விழுங்கச் சிரமமான பருமனாகிவிடும். சிறு அளவில் தரப்படும், மெதுவாகக் கரையும் மருந்துக்கோ, கன்னத்தின் உட்புறம் ஒட்டி நிற்க வேண்டிய மாத்திரைக்கோ இது அருமையாகப் பொருந்தும், ஏனெனில் சளிச்சவ்வில் நன்கு ஒட்டும் இயல்பு அதற்கு உண்டு.

துணி ஆலைகளில் கஞ்சி போடப் பயன்படும் புளியங்கொட்டை மாவை அப்படியே மாத்திரையில் சேர்க்கக் கூடாது. அதில் புரதமும் கொழுப்பும் கலந்திருக்கின்றன. மாவைக் கொதிக்கவைத்து, தெளிவை இறுத்து, ஆல்கஹாலில் ஊற்றித் திரண்டு வரும் வெள்ளை நாரை உலர்த்திச் சலித்த பிறகே அது மருந்துக்குரிய பொருளாகிறது.

எதைத் தேர்ந்தாலும், ஒரே தொகுதிப் பிசினில் செய்த மாத்திரையிலிருந்து மருந்து வெளியேறும் வேகத்தைக் காட்டும் கரைதல் வரைபடத்தை வைத்து முடிவெடுக்காமல், வெவ்வேறு பருவங்களில் வாங்கிய மூன்று தொகுதிகளிலாவது பாகுத்தன்மை, துகள் அளவு, நுண்ணுயிர் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் அளந்துவிட்டே மாத்திரை அழுத்தத் தொடங்க வேண்டும்.