20 இலை, மூன்று வழி: கொடைக்கானலில் ஒரு பொங்கல் விருந்து

பொங்கலன்று கீழிருந்து மேலேறி வரும் சொந்தங்களையும் சேர்த்து 20 பேருக்கு இலை போட வேண்டும், கையிருப்போ அளவானது என்னும்போது, கொடைக்கானல் குடும்பத்துக்கு மூன்று வழிகள் இருக்கின்றன: மெஸ்ஸில் சாப்பாடு சொல்லிவிடுவது, சமையல்காரரை வீட்டுக்கு அழைப்பது, பொருளையும் வேலையையும் சொந்தங்களிடையே பகிர்ந்து வீட்டிலேயே சமைப்பது. சமவெளியில் விலையை மட்டும் வைத்து இவற்றை ஒப்பிட்டுவிடலாம். சுமார் 2,100 மீட்டர் உயரத்திலோ எரிவாயுவும் குளிரும் கணக்கில் சேர்ந்துகொள்கின்றன.

மெஸ் சாப்பாடு இலைக்கு 150 ரூபாய் என்று பேச்சுக்கு வைத்தாலும் 3,000 ரூபாய் ஆகும். செலவு முன்பே தெரிந்துவிடுவதும், வீட்டுப் பெண்களுக்கு அடுப்படியிலிருந்து ஒரு நாள் ஓய்வு கிடைப்பதும் இதன் நன்மைகள். இரண்டாவதை நான் சிறியதாக எண்ணவில்லை. ஆனால் தைக் குளிரில், தூக்கில் வந்த சாம்பாரும் கூட்டும் பந்தி தொடங்குவதற்குள் ஆறிவிடும். அவற்றை மீண்டும் சூடாக்க வேண்டும். பொங்கல் பானையை எப்படியும் வீட்டில்தான் ஏற்ற வேண்டும்.

சமையல்காரரின் கூலி 20 இலைக்கும் 50 இலைக்கும் பெரிதாக மாறுவதில்லை என்பதால், சிறிய விருந்தில் ஒவ்வோர் இலைக்கும் அது கனமாக விழும். அதைவிடப் பெரிய சிக்கல் அண்டா. காற்றழுத்தம் குறைந்த இந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. கொதிக்கும் நீரே சூடு குறைந்தது என்பதால், திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு குழைய வெகுநேரம் பிடிக்கிறது; தீயைக் கூட்டினால் நீர்தான் விரைவாக வற்றுமே தவிர, பருப்பு விரைவாக வேகாது. மலையடிவாரத்து வத்தலக்குண்டிலிருந்து வரும் சமையல்காரர் தம் ஊர்க் கணக்கில் நேரம் குறித்தால் பந்தி தள்ளிப்போகும், சிலிண்டரும் இளைக்கும்.

வீட்டுச் சமையலில் இந்தச் சிக்கலைக் குக்கர் தீர்த்துவிடுகிறது. ஆவியை அடைத்துவைத்துக் கொதிநிலையை 100 டிகிரிக்கு மேலே உயர்த்துவதுதான் அதன் வேலை. 20 பேருக்கு இரண்டரைக் கிலோ அரிசியும் முக்கால் கிலோ பருப்பும் போதும். பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்துவிட்டால் எரிவாயு இன்னும் மிச்சமாகும்.

காய்கறியில்தான் பகிர்வின் பலன் முழுதாகத் தெரிகிறது. கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, சௌசௌ எல்லாம் மலையிலேயே விளைவதால், பொங்கலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலேயே வாங்கிவிடலாம். கூட்டையும் பொரியலையும் இவற்றைக் கொண்டே அமைக்க வேண்டும். ரசத்துக்கு, 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு இருக்கிறது. காரம் மிகுந்தது என்பதால் கொஞ்சம் தட்டிப்போட்டாலே போதும். மாறாக வாழையிலை, தேங்காய், முருங்கைக்காய், வாழைக்காய் ஆகியவை கீழிருந்தே ஏறி வருகின்றன. ஆகவே அவற்றைக் கீழ்ச் சொந்தங்களிடம் விட்டுவிடலாம். உறவினரிடம் பொருள் கேட்பதா என்ற கூச்சம் பல வீடுகளில் உண்டு. ஆனால் யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. எப்படியும் இனிப்புப் பெட்டிக்குச் செலவழிக்கத்தான் போகிறார்கள். “சித்தி, இந்தத் தடவை ஸ்வீட்டு வேண்டாம், இலையும் தேங்காயும் மட்டும் கொண்டு வந்துருங்க” என்று உரிமையோடு சொன்னால் அவர்களுக்கும் மகிழ்ச்சியே. தாண்டிக்குடிப் பக்கம் உறவு இருந்தால் மலைவாழையும் வந்துவிடும். சமைத்த குழம்பைக் கொண்டைஊசி வளைவுகளில் ஏற்றிவரச் சொல்லாமல், அதிரசம், முறுக்கு போன்ற உலர்ந்த பண்டங்களை மட்டும் கேட்பது நல்லது. வெளியூர் வண்டிகள் மலைக்குள் வருவதற்கான அனுமதிச் சீட்டான இ-பாஸைப் பதிந்துவிட்டார்களா என்பதையும், தண்ணீரை நெகிழிப் போத்தலில் வாங்கிவராமல் எவர்சில்வர் பாட்டிலில் எடுத்துவருகிறார்களா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.

ஆகவே 20 இலைக்கு நான் மூன்றாம் வழியையே தேர்வேன். 50 இலையைத் தாண்டினால், மலைச் சமையல் பழகிய உள்ளூர்ச் சமையல்காரரே சிக்கனம். வீட்டுச் சமையலின் மலிவு, கூலி கொடுக்கப்படாத உழைப்பால் வருவது என்பதால், முதல் நாள் இரவே காய் நறுக்குவதையும் தேங்காய் துருவுவதையும் ஆண்கள் ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் இதைச் சொல்கிறேன். அடுப்படியில் நிற்க வயதான அம்மா ஒருவரே இருக்கும் வீட்டில், பொங்கல் பானையை மட்டும் அவர் கையால் ஏற்றச் செய்துவிட்டு, மற்றதை மெஸ்ஸில் சொல்லிவிடுவதே சரி. அந்த 3,000 ரூபாயைச் சொந்தங்கள் பங்கிட்டுக்கொள்ளலாம்.