நோக்கியா என்900-இல் இல்லாத ஐசிக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தேன்

பழைய நோக்கியா என்900 (N900) ஃபோனை இன்னும் கைவிடாமல் வைத்திருக்கிறவர்கள், ஹெட்போன் தகராறு, எஃப்எம் தகராறு என்று ரிப்பேர் கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். போன மாதம் நான் 2,800 ரூபாய் கொடுத்தேன். அதில் 1,800 ரூபாய் மாற்றவே படாத ஒரு ஐசிக்கு, அதாவது சிப்புக்கு. மீதி 1,000 ரூபாய், அந்த ஃபோனில் தனியாக இல்லவே இல்லாத ஒரு ஐசிக்கு. இது போக, நல்ல ஹெட்செட் ஒன்றையும் பறிகொடுத்துவிட்டு வந்தேன்.

2009-இல் வந்த ஃபோன் அது. மேமோ 5 என்ற லினக்ஸ் இயங்குதளம், இழுத்தால் வெளியே வரும் கீபோர்டு, கட்டளைகளைத் தட்டி வேலை வாங்க, வாங்கும்போதே உள்ளே இருக்கும் எக்ஸ் டெர்மினல். அதில் சிம் போட்டு வருடக்கணக்காகிவிட்டது. இப்போது எங்கள் வீட்டில் அதற்கு ரேடியோ ஸ்டேஷன் உத்தியோகம். என்900-இல் எஃப்எம் ரிசீவர் மட்டுமல்ல, டிரான்ஸ்மிட்டரும் உண்டு. ஃபோனில் ஓடும் பாட்டை 88.1-இலிருந்து 107.9 மெகாஹெர்ட்ஸுக்குள் காலியான ஓர் இடத்தில் ஒலிபரப்பும். தூரம் ஒன்றும் பெரிதாகப் போகாது. ஹாலில் ஃபோனை வைத்தால் சமையலறை ரேடியோவில் கேட்கும். அம்மாவுக்கு அது போதும். காலையில் சுப்ரபாதம், அப்புறம் பழைய பாட்டு, எல்லாம் என் "ஸ்டேஷன்" வழியாகத்தான்.

ஒரு நாள் காலையில் சமையலறையிலிருந்து குரல் வந்தது. "ஏண்டா, உன் ஸ்டேஷன் இன்னிக்கு லீவா?"

போய்ப் பார்த்தேன். டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்ய முடியவில்லை. ஃபோனின் ஸ்பீக்கரிலும் சத்தம் இல்லை. ஹெட்போனைச் செருகினால் மட்டும் பாட்டு கேட்டது, எடுத்தால் மறுபடி மௌனம். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தாலே விஷயம் புரிந்திருக்க வேண்டும். ஹெட்போன் செருகியே இருக்கிறது என்று ஃபோன் நினைத்துக்கொண்டிருக்கிறது. அதனால் சத்தத்தை எல்லாம் அந்தப் பக்கம் அனுப்புகிறது. ஹெட்போன் இருக்கும்போது டிரான்ஸ்மிட்டர் வேலை செய்யாது என்பது அந்த ஃபோனின் வழக்கம். கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துச் சம்பாதிக்கிறவன் நான். ஃபோனுக்குள் ஒரு கோப்பைத் (ஃபைலைத்) திறந்து பார்த்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். மாதக் கடைசி வேலை, சோம்பேறித்தனம், கடைக்குப் போய்விட்டேன்.

மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கடை. பெயர் வேண்டாம். கவுன்டரில் இருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். டிரான்ஸ்மிட்டர் வரவில்லை என்று சொன்னதும் சிரித்தான். "ஃபோன்ல ஏது சார் டிரான்ஸ்மிட்டர்? அது ரிசீவர்." சரி, அவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை என்று விட்டுவிட்டேன். எஃப்எம் செயலியைத் திறந்தான். ஹெட்போனைச் செருகவில்லை. அந்த வயர்தான் ஏரியல், அது இல்லாமல் ரேடியோ எடுக்குமா? இஸ்ஸ்ஸ் என்று இரைச்சல் வந்தது. "பாருங்க, ரிசீவர் ஐசி போயிருக்கு. ஸ்பீக்கரும் வரல, அப்ப ஆடியோ ஐசியும் அவுட்."

அந்த இடத்தில் நான் கேட்காமல் விட்ட ஒரு விஷயம் இருக்கிறது. ஸ்பீக்கர் வழியாகத்தான் சத்தம் வரவில்லை என்றால், ஹெட்போனில் மட்டும் எப்படி வருகிறது? ஆடியோ ஐசி செத்துப்போயிருந்தால் இரண்டுமே அல்லவா போயிருக்க வேண்டும்? இதை வீட்டுக்குத் திரும்பும் மின்சார ரயிலில்தான் யோசித்தேன். அதற்குள் 500 ரூபாய் அட்வான்ஸ் ஜிபே செய்தாகிவிட்டது. ஃபோனோடு பெட்டியில் வந்த நோக்கியா ஹெட்செட்டையும் "டெஸ்டிங்குக்கு வேணும் சார்" என்று வாங்கி வைத்துக்கொண்டான். அதையும் கொடுத்தேன்.

ஒன்பது நாள் கழித்து ஃபோன் வந்தது. வெள்ளைத்தாளில் ஒரு பில்: ஆடியோ ஐசி 1,800, எஃப்எம் ரிசீவர் ஐசி 1,000. ஜிஎஸ்டி எண் இல்லை, சீல் இல்லை, கடைப் பெயர்கூட இல்லை. கேட்டதற்கு "கம்ப்யூட்டர் பில் வேணும்னா 18 பர்சென்ட் சேரும் சார்" என்றான்.

வீட்டில் வந்து பார்த்தேன். ஸ்பீக்கர் பாடியது. டிரான்ஸ்மிட்டர் வேலை செய்தது, அம்மாவின் ஸ்டேஷன் திரும்பிவிட்டது. ஆனால் முன்பு ஒழுங்காக இருந்த எஃப்எம் ரிசீவர் இப்போது எழுந்திருக்கவே இல்லை. ஹெட்செட்டில் பாட்டு கேட்டால் வயலின் கேட்கிறது, கோரஸ் கேட்கிறது, பாடுகிறவரைக் காணோம். என் பெண் காதில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா, சூப்பர்ப்பா. கரோக்கி."

கடைக்கு ஃபோன் செய்தேன். "பழைய மாடல் சார், அப்படித்தான் இருக்கும்."

அன்று இரவுதான் உட்கார்ந்து பார்த்தேன். இனி கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் எதற்கும் சால்டரிங் அயர்ன் தேவையில்லை.

முதலில் ஹெட்போன் கண்டறிதல். என்900-இன் ஹெட்போன் துளைக்குள் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. ஹெட்போன் பின் உள்ளே போனால் அது பிராசஸரின் ஒரு முனைக்குத் தகவல் கொடுக்கும்.  எக்ஸ் டெர்மினலில் சிஸ், டிவைசஸ், பிளாட்ஃபார்ம், ஜிபிஐஓ-சுவிட்ச், ஹெட்போன் (/sys/devices/platform/gpio-switch/headphone) என்று ஒவ்வோர் அடைவாக, அதாவது ஃபோல்டராக, இறங்கினால் ஸ்டேட் என்று ஒரு கோப்பு இருக்கும். கோப்பில் இருப்பதைக் காட்டும் கேட் (cat) கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால் ஒரே ஒரு சொல்: கனெக்டட், அல்லது டிஸ்கனெக்டட். துளை காலியாக இருக்கும்போது கனெக்டட் என்று வந்தால் சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பேன்ட் பாக்கெட்டின் பஞ்சு, வியர்வை ஈரம், பாசி பிடித்த தகடு, ஏதோ ஒன்று. எனக்கு இப்போது சரியாக டிஸ்கனெக்டட் என்று வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன், துளை பளிச்சென்று இருந்தது. கொடுப்பதற்கு முன் அதற்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ அடைந்திருந்ததைப் பார்த்த ஞாபகம் எனக்கு இருக்கிறது. ஆக, கடையில் உண்மையிலேயே நடந்த வேலை துளையைச் சுத்தம் செய்தது. அதை நீங்களே செய்யலாம். ஃபோனை அணைத்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு, மரப் பல்குச்சியில் துளி ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்டு மெதுவாகச் சுற்றி எடுங்கள். காய்ந்ததும் ஹெட்போன் பின்னைப் பத்துப் பதினைந்து தடவை செருகி எடுங்கள். ஊக்கு, குண்டூசி எதுவும் வேண்டாம். உள்ளே இருக்கும் தகடு வளைந்தால் அப்புறம் நிஜமாகவே கடைக்குப் போக வேண்டியிருக்கும்.

அடுத்தது எஃப்எம். என்900-இல் ரேடியோ கேட்கும் பகுதி தனி ஐசி கிடையாது. பிராட்காமின் பிசிஎம்2048 என்ற ப்ளூடூத் சிப்புக்குள்ளேயே அது குடியிருக்கிறது. ஒலிபரப்பும் பகுதிதான் தனி: சிலிக்கான் லேப்ஸின் எஸ்ஐ4713. எனக்கு மாற்றியதாகப் பில்லில் எழுதியிருப்பது ரிசீவர் ஐசி. அதை மாற்ற வேண்டுமென்றால் ப்ளூடூத்தையே மாற்ற வேண்டும். ப்ளூடூத்தில் கோளாறு என்று யாரும் சொல்லவே இல்லை.

வீட்டுக்காரர் தூங்கினால் குடித்தனக்காரருக்கும் விளக்கு இல்லை என்ற கதைதான் இங்கே. ப்ளூடூத் சிப்புக்கு உயிர் இருந்தால்தான் எஃப்எம் எழுந்திருக்கும். மெனுவைத் திறந்து பார்த்தேன். ப்ளூடூத் ஆஃப் ஆகியிருந்தது. கடையில் சோதிக்கும்போது யாரோ தட்டிவிட்டிருக்கிறார்கள். அதை ஆன் செய்து, செயலியைத் திறந்தேன். ரேடியோ வந்தது. அவ்வளவுதான் கோளாறு.

வந்தது என்றேனே தவிர, முன்பு போல வரவில்லை. தாம்பரத்தில் எங்கள் மாடியில் 93.5-உம் 98.3-உம் எந்த ஓட்டை ரேடியோவிலும் கணீரென்று கேட்கும். இதில் 101.4 ரெயின்போ மட்டும் இரைச்சலுக்கு நடுவே தலைகாட்டியது, மற்றதெல்லாம் கரகரப்பு. அப்போதுதான் கையிலிருந்த ஹெட்செட்டைச் சரியாகப் பார்த்தேன். கருப்பு நிறம் மட்டும்தான் ஒன்று. என்னுடையதில் இடது காதுப் பக்கம் என் மனைவி சிவப்பு நூல் சுற்றி வைத்திருந்தாள். இதில் நூல் இல்லை. நோக்கியா என்ற எழுத்தும் இல்லை.

இங்கேதான் பலரும் ஏமாறுவது, அதனால் நிதானமாகவே சொல்கிறேன். மைக் வைத்த 3.5 மில்லிமீட்டர் பின்னில் நான்கு வளையம் இருக்கும். நுனி இடது, அடுத்தது வலது. மீதி இரண்டில்தான் குழப்பம். பழைய நோக்கியா ஃபோன்கள் ஓஎம்டிபி என்ற முறை: மூன்றாவது வளையம் மைக், அடிப்பகுதி கிரவுண்ட், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் பொது இணைப்பு. இன்று கடையில் கிடைக்கும் ஹெட்செட் பெரும்பாலும் சிடிஐஏ முறை: மூன்றாவது கிரவுண்ட், அடி மைக். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். சிடிஐஏ ஹெட்செட்டை என்900-இல் செருகினால், இரண்டு காதுக்கும் பொதுவான கிரவுண்ட் நேராகப் போய்ச் சேராமல் மைக் வழியாகச் சுற்றிப் போக வேண்டியிருக்கும். கிட்டத்தட்ட அறுந்த மாதிரி. அப்போது இடதுக்கும் வலதுக்கும் இருக்கும் வித்தியாசம் மட்டுமே காதில் விழும். பாடுகிறவரின் குரல் இரண்டு பக்கமும் ஒரே அளவில் பதிவாகியிருப்பதால் அது கழிந்துபோகும். கரோக்கியின் ரகசியம் இதுதான். அது தவிர, எஃப்எம்முக்கு ஏரியலே இந்த வயர்தான். இணைப்பு சரியில்லாத ஏரியலில் என்ன எடுக்கும்?

சோதிக்க ஒரு கருவியும் வேண்டாம். பாட்டு ஓடும்போது ஹெட்செட்டின் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். அது மைக்கைக் கிரவுண்டோடு இணைத்துவிடும். நான் அழுத்தினேன், பாடுகிறவர் திரும்பி வந்தார். விட்டேன், போய்விட்டார். என் பெண் பிடுங்கிக்கொண்டு ஐந்து நிமிடம் அதையே விளையாடினாள்.

மறுநாள் கடைக்குப் போனேன். முதலாளியே இருந்தார். மாற்றிய பழைய ஐசிகளைக் காட்டுங்கள் என்றேன். பையன் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து, "இதுதான் சார் உங்களது" என்று ஒன்றை எடுத்து வைத்தான். இரண்டு பக்கமும் நான்கு நான்கு கால். என்900-இன் ஆடியோ சிப் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎல்வி320ஏஐசி34. அதற்குக் காலே கிடையாது, அடியில் புள்ளி புள்ளியாக ஈய உருண்டைகள்தான். இதைச் சொன்னதும் முதலாளி பையனைப் பார்த்தார், பையன் டப்பாவைப் பார்த்தான். அப்புறம் ப்ளூடூத் விஷயத்தைச் சொல்லி, ஹெட்செட் பட்டனை அழுத்திக் காட்டினேன். கடையில் வேறு இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றதால்தானோ என்னவோ, "ஆயிரம் திருப்பித் தந்துடறேன் சார், விடுங்க" என்றார். ஆடியோ ஐசி காசு மட்டும் கிடையாதாம். "லேபர் போயிடுச்சு சார்."

என் ஹெட்செட்? ஒரு டிராயரை இழுத்து முன்னால் வைத்தார். "இதுல இருந்தா எடுத்துக்கோங்க." சடை விழுந்த தலைமுடி மாதிரி ஐம்பது அறுபது ஹெட்செட் பின்னிக்கிடந்தது. இருபது நிமிடம் பிரித்தேன். சிவப்பு நூல் அகப்படவில்லை.

அன்று மாலையே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்தேன். தமிழிலேயே பேசலாம். ஒரு விஷயம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கிய காசுக்கு ஒழுங்கான பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக முறைதான். உதவி எண்ணில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது. ஜிபே ரசீது, அந்த வெள்ளைத்தாள், வாட்ஸப்பில் பையன் அனுப்பிய "ஐசி ரெடி சார்" செய்தி, மூன்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். கொடுக்கும் முன் ஹெட்செட்டையும் ஃபோனையும் நாலு படம் எடுக்காமல் போனதுதான் என் தப்பு.

நேற்று கடையிலிருந்து ஃபோன் வந்தது. "சார், அந்தக் கம்ப்ளெயின்ட வாபஸ் வாங்கிக்கோங்க. புது நோக்கியா ஹெட்செட்டே ஃப்ரீயா தர்றோம்."

எந்த டைப் என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பையன் சொன்னான்: "கருப்பு சார்."