பீகிள்போன் பிளாக்: என் லேப்ல பத்து வருஷத்துக்கு மேல ஓடுற போர்டு

எம்பெடட் ஹார்ட்வேர்ல ஆராய்ச்சி பண்ற பேராசிரியர் நான். வேலைக்கு சேர்ந்த புதுசுல லேப்னு சொல்லிக்க ஒரு பழைய ஆஸிலாஸ்கோப்பும் ரெண்டு மேஜையும்தான் இருந்துச்சு, அப்போ 2013-ல வந்த இந்த பீகிள்போன் பிளாக்ங்கிற, லினக்ஸ் ஓடுற குட்டி கம்ப்யூட்டர் போர்டை வாங்கி வச்சு ஆரம்பிச்சேன். அதுக்கப்புறம் எத்தனையோ போர்டு வந்து போயிடுச்சு, இது மட்டும் இன்னும் மேஜையை விட்டு இறங்கல.

ஸ்பெக்னு பார்த்தா ஒரே ஒரு கார்டெக்ஸ்-ஏ8 கோர், 1 ஜிகாஹெர்ட்ஸ், 512 எம்பி ராம், வைஃபை கிடையாது. கேமரா வச்சு ஏஐ மாடல் ஓட்டணும்னு வர்றவங்க நேரா வேற போர்டுக்கு போயிடுங்க.

நான் இதை விடாம பிடிச்சிட்டு இருக்கறதுக்கு காரணம் பிஆர்யூ, அதாவது டைமிங் பிசகாம பின்களை இயக்குறதுக்குன்னே இருக்கிற புரோகிராமபிள் ரியல்டைம் யூனிட். மெயின் பிராசஸர் இருக்கிற அதே சிப்புக்குள்ள 200 மெகாஹெர்ட்ஸ்ல ஓடுற ரெண்டு குட்டி கோர் தனியா உட்கார்ந்திருக்கு. கேஷ் இல்ல, பைப்லைன் இல்ல, நடுவுல வந்து குறுக்கிடுற ஓஎஸ் இல்ல. ரெஜிஸ்டர்ல (கோருக்குள்ளயே இருக்கிற குட்டி நினைவிடம்) நடக்கிற இன்ஸ்ட்ரக்ஷன் ஒண்ணுக்கு 5 நானோசெகண்ட், அவ்வளவுதான். ஆர்30ங்கிற ரெஜிஸ்டர்ல எழுதினா பின் மாறும், ஆர்31-ஐ படிச்சா பின் என்ன நிலையில இருக்குன்னு தெரியும், பேப்பர்ல இன்ஸ்ட்ரக்ஷனை எண்ணியே டைமிங் சொல்லிடலாம்.

என் முதல் பிஎச்டி ஸ்காலர் லினக்ஸ் ஜிபிஐஓ (புரோகிராம்ல இருந்து ஆன்-ஆஃப் பண்ற பின்) வழியா ஒரு பல்ஸ் ட்ரெய்ன், அதாவது சீரான இடைவெளியில வர்ற பல்ஸ் வரிசை, எடுத்துட்டு இருந்தாங்க. ஒரு நாள் சாயங்காலம் வந்து "சார், வேவ்ஃபார்ம் ஆடுது"ன்னாங்க. போய் ஸ்கோப்ல பெர்சிஸ்டன்ஸ் (பழைய அலைகளையும் அழிக்காம திரையில காட்டுற வசதி) போட்டு பார்த்தா எட்ஜ், அதாவது பல்ஸ் ஏறி இறங்குற இடம், ஒரு கோடா இல்ல, பட்டையா அப்பி கிடக்கு. லினக்ஸுக்கு ஆயிரம் வேலை, நம்ம பின்னை அது சவுகரியப்படுறப்போதான் மாத்தும். ரியல்டைம் பேட்ச் போட்டோம், குறைஞ்சுது, ஆனா போகல. மூணு வாரம் இதுலயே போச்சு. அப்புறம் அதே வேலையை பிஆர்யூ அசெம்பிளியில எழுதி பி8 ஹெட்டரோட (போர்டு ஓரத்துல இருக்கிற பின் வரிசை) 45-வது பின்ல எடுத்தாங்க, ராத்திரி முழுக்க ஸ்கோப்பை ஓட விட்டுட்டு காலையில வந்து பார்த்தா எட்ஜ் ஊசி மாதிரி நிக்குது. எங்க லேப்போட முதல் பேப்பர்ல முதல் படம் அதுதான்.

ஒண்ணு மறந்துடாதீங்க, அந்த பின் எச்டிஎம்ஐ கூட பங்கு போட்டுக்கிற பின். பூட் கான்ஃபிக்ல எச்டிஎம்ஐயை ஆஃப் பண்ணாம பிஆர்யூவுக்கு கிடைக்காது. இது தெரியாம ரெண்டு நாள் கோடுல தப்பு தேடிட்டு இருந்தோம்.

இன்னொண்ணு வோல்டேஜ். டிஜிட்டல் பின் எல்லாம் 3.3 வோல்ட், ஆனா அனலாக் இன்புட் 1.8 வோல்ட்தான் தாங்கும். ஒரு பையன் சென்சாரை நேரா அனலாக் பின்ல சொருகிட்டான், போர்டு அதோட சரி. அவனை திட்டி என்ன பிரயோஜனம், முதல் நாளே நான் சொல்லியிருக்கணும். இப்போ லேப்ல இருக்கிற ஒவ்வொரு போர்டுலயும் அந்த பின்கள் மேல சிவப்பு டேப் ஒட்டி வச்சிருக்கோம். அதே மாதிரி போர்டு முழுசா பவர் ஆகறதுக்கு முன்னாடி வெளியில இருந்து எந்த பின்னுக்கும் சிக்னல் கொடுக்காதீங்க.

சாஃப்ட்வேர் பக்கம் பொறுமை வேணும். லினக்ஸ்ல இருந்து பிஆர்யூவை இயக்க பழைய கோடு எல்லாம் யுஐஓங்கிற டிரைவரை நம்பி இருக்கும், புதுசு ரிமோட்பிராக்ங்கிற வேற முறையில இருக்கும், ரெண்டையும் கலந்தா ஒண்ணும் ஓடாது. ஒரு கெர்னலை முடிவு பண்ணி அந்த இமேஜை அப்படியே பேக்கப் எடுத்து வச்சிடுங்க, தீசிஸ்லயும் வெர்ஷன் நம்பரை எழுதிடுங்க.

ஆராய்ச்சிக்கு இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம், ஸ்கிமேட்டிக்ல (சர்க்யூட் வரைபடம்) இருந்து பிசிபி ஃபைல் வரைக்கும் எல்லாமே ஓப்பன். "இதை வேற யாராவது திரும்ப செஞ்சு பார்க்க முடியுமா"ன்னு ரிவ்யூவர் கேட்டப்போ எங்களால தைரியமா முடியும்னு பதில் எழுத முடிஞ்சுது, முன்னபின்ன பார்க்காத ஒரு குரூப் அதே மாதிரி கட்டி அதே நம்பரை எடுத்தும் காட்டினாங்க. அந்த மெயிலை பார்த்த சந்தோஷம் பிரமோஷன் ஆர்டர் வந்தப்போ கூட எனக்கு இல்ல.

டைமிங்கை ஆழமா கத்துக்கணும்னு நினைக்கிற ஸ்டூடண்ட்ஸ், புதுசா லேப் ஆரம்பிக்கிற ஆசிரியர்கள், ரெண்டு பேருக்கும் கண்ணை மூடிட்டு சொல்வேன், வாங்குங்க. அந்த முதல் ஸ்காலர் இப்போ சொந்தமா ஒரு லேப் நடத்துறாங்க. போன மாசம் கூப்பிட்டு "சார், அந்த பிஆர்யூ கோடு இன்னும் வச்சிருக்கீங்களா"ன்னு கேட்டாங்க, அன்னைக்கு ராத்திரியே அனுப்பிட்டேன்.