முட்டத்து உப்புக்காற்றில் ஒன்பது ஆண்டுகள்: எங்கள் எல்.இ.டி. டிவி

2016 கிறிஸ்துமஸுக்கு நாகர்கோவிலில் வாங்கிய 43 அங்குல எல்.இ.டி. டிவி இது. எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டக் கடலோர ஊரான முட்டத்தில், கலங்கரை விளக்கத்துக்குப் பக்கம். துணி காயப்போடும் கம்பி இரண்டே ஆண்டில் துருவேறி உதிர்ந்துவிடும் இடம். இங்கே ஒரு டிவி ஒன்பது ஆண்டு ஓடியதில் எனக்கு நிறைவுதான். நடுவில் நான்கு முறை படுத்தது. மூன்று முறை பேனலில், அதாவது படம் உருவாகும் கண்ணாடித் திரையில், பழுதே இல்லை. ஆனாலும் 'பேனல் போய்விட்டது' என்பதைக் கேட்டவுடன் புதியது வாங்கக் கிளம்பும் குடும்பங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தது. பல நாள் மின்சாரம் இல்லை. கடலுக்குப் போனவர்களை எதிர்பார்த்துக் கரையோர ஊர்கள் காத்துக் கிடந்த நாட்களில் டிவியை யாரும் நினைக்கவில்லை. மின்சாரம் திரும்பிய அன்று பல்புகள் ஏறியும் இறங்கியும் எரிந்தன. அப்பா பிளக்கைத் தொடவே விடவில்லை, மறுநாள்தான் செருகினோம். ஒன்றும் ஆகவில்லை.

அடி விழுந்தது 2019 அக்டோபரில், ஒரு மாலை இடிமழையில். பிளக்கைப் பிடுங்கித்தான் வைத்திருந்தோம். மறுநாள் திரையில் 'சிக்னல் இல்லை' என்ற எழுத்து மட்டும் வந்தது. முதலில் பார்க்க வந்தவர் டிவியின் மூளையான மதர்போர்டு எரிந்துவிட்டது என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. மச்சானின் கல்யாண வீடியோ இருந்த பென் டிரைவை டிவியில் செருகினேன். படமும் வந்தது, சத்தமும் வந்தது. அப்படியானால் திரை, ஸ்பீக்கர், போர்டு மூன்றும் உயிரோடு இருக்கின்றன. வெளியிலிருந்து படம் வரும் வழிதான் அடைபட்டிருக்கிறது. அக்கா வீட்டு செட்டாப் பாக்ஸை வாங்கி வந்து மாட்டினோம். படமும் சத்தமும் ஒரே வயரில் வரும் எச்.டி.எம்.ஐ. துளைகளில் முதலாவதில் ஒன்றும் இல்லை, இரண்டாவதில் படம் பளிச்சென்று வந்தது. எங்கள் பாக்ஸும் டிவியின் ஒரு துளையும் மட்டுமே எரிந்திருந்தன.

பிளக்தான் பிடுங்கியிருந்ததே, பிறகு எப்படி? மொட்டைமாடி டிஷ்ஷிலிருந்து இறங்கும் கேபிளை நாங்கள் கழற்றவில்லை. மின்னலின் அதிர்ச்சி அந்தக் கேபிள் வழியே பாக்ஸுக்குள் நுழைந்து, எச்.டி.எம்.ஐ. வயரைப் பிடித்து டிவிவரை வந்திருக்கிறது. ஸ்டெபிலைசர் இதைத் தடுக்காது. அது காப்பது மின்சார வழியை மட்டும். அன்றிலிருந்து வானம் இருட்டினாலே பிளக்கோடு டிஷ் கேபிளையும் பாக்ஸிலிருந்து திருகி எடுத்துவிடுகிறோம். இதை மட்டும் எல்லா வீடுகளும் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

2021 ஆடி மாதம் படம் இருந்தது, சத்தம் அடியோடு இல்லை. டிவியின் சொந்த ஸ்பீக்கர் ஊமையானால் மூன்று இடம் பார்க்க வேண்டும்: ஒலி வெளியீடு வேறெதற்காவது மாறியிருக்கிறதா, பக்கத்து அறை ப்ளூடூத் ஸ்பீக்கர் தானாக இணைந்துகொண்டதா, ஹெட்போன் துளை சரியாக இருக்கிறதா. எங்கள் கோளாறு மூன்றாவது. அந்தத் துளைக்குள் ஒரு சிறு தகடு இருக்கிறது. ஹெட்போன் முனை அதைத் தள்ளினால் டிவி தன் ஸ்பீக்கரை அணைத்துவிடும். உப்புக்காற்றில் அது பச்சைக் களிம்பு பிடித்துத் தொடர்பு விட்டிருந்தது. எதையும் செருகாமலேயே ஹெட்போன் இருப்பதாக டிவி நினைத்துக்கொண்டது. டிவியை அணைத்து, பழைய ஹெட்போன் முனையைப் பத்துப் பதினைந்து முறை செருகி எடுத்தேன். சத்தம் வந்துவிட்டது.

பிறகு ஒரு சவுண்ட்பார் வாங்கினோம். எச்.டி.எம்.ஐ. வயரில் இணைத்தால், ஏ.ஆர்.சி. என்று எழுதிய துளையில்தான் அதை மாட்ட வேண்டும்; டிவியின் சத்தத்தை வெளியே அனுப்பும் துளை அது. மாட்டியும் சத்தம் வராவிட்டால் டிவியின் ஒலி அமைப்பில் பி.சி.எம். (சுருக்கப்படாத ஒலி வடிவம்) என்று மாற்றிப் பாருங்கள். எங்களுக்கு அதுதான் வழிவிட்டது.

2023இல் ஒரு நாள் இரவு ஜெபம் முடிந்து டிவியைப் போட்ட அம்மா கூப்பிட்டார்: "மக்களே, சத்தம் கேட்கிறது, படத்தைக் காணோம்." அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் திரையை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தேன். மங்கலாக உருவங்கள் அசைந்தன. படம் உருவாகிக்கொண்டுதான் இருந்தது. அதற்குப் பின்னாலிருந்து ஒளி கொடுக்கும் விளக்குதான் அணைந்திருந்தது. ஊர்த் திருவிழாவில் கட்டும் சீரியல் செட்டைப் போல அந்தச் சின்ன எல்.இ.டி.கள் வரிசையாகக் கோக்கப்பட்டவை. ஒன்று அறுந்தால் வரிசையே போய்விடும். முதலில் கேட்ட இடத்தில் பேனலை மாற்ற வேண்டும் என்றார்கள். புது டிவியின் விலைக்குப் பக்கத்தில் வந்தது. டார்ச் வைத்துப் பார்த்ததைச் சொன்னதும் நாகர்கோவில் மெக்கானிக் ஒருவர் சிரித்துக்கொண்டே, பின்விளக்குப் பட்டைகளை மட்டும் மாற்றித் தந்தார். 2,400 ரூபாய். எரிந்த ஒன்றை மட்டும் மாற்ற அவர் சம்மதிக்கவில்லை; மற்றவையும் அதே வயதுடையவை, அடுத்தடுத்துப் போகும் என்றார். நியாயமான பேச்சு. பட்டைகள் இத்தனை சீக்கிரம் போனதற்கு எங்கள் பங்கும் உண்டு. பின்விளக்கை ஏழு ஆண்டும் 100இலேயே வைத்திருந்தோம். இப்போது 50. இரவில் கண்ணுக்கும் இதமாக இருக்கிறது.

தயவுசெய்து பின்மூடியை நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் போர்டில் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கெபாசிட்டரில் அது தங்கியிருக்கும், ஷாக் அடிக்கும். டார்ச்சும் பென் டிரைவும் வெளியிலிருந்தே பழுதின் பாதியைக் காட்டிவிடும்.

நான்காவது கோளாறு இன்னும் இருக்கிறது. போன ஆண்டு திரையின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை மெல்லிய பச்சைக் கோடு விழுந்தது. பென் டிரைவ் போட்டாலும், மெனுவைத் திறந்தாலும், அதே இடத்தில் அதே கோடு. இது உண்மையாகவே பேனல். கண்ணாடி ஓரத்தில் ஒட்டியிருக்கும் நுண்ணிய இணைப்பு ஒன்று விட்டிருக்கும் என்றார் அதே மெக்கானிக். பணம் செலவழிக்க வேண்டாம் என்றும் அவரே சொன்னார். அம்மாவுக்கு அந்தக் கோடு தெரிவதே இல்லையாம். கோடு நடுவுக்கு வரும்வரை இந்த டிவியை மாற்றுவதாக இல்லை.