பழைய துளையா, புதுத் துளையா? ஸ்கீ பைண்டிங்கை மறுபடி ஏற்றும் வழிகள்

பனியில் சறுக்கும் பலகைதான் ஸ்கீ. செகண்ட் ஹேண்டில் வாங்கியது என்றால் மேல்பரப்பில் ஏற்கெனவே துளைகள் இருக்கும். சொந்த ஸ்கீயிலேயே பைண்டிங் (பூட்ஸை ஸ்கீயோடு பிடித்து, விழும்போது விட்டுவிடும் பூட்டு) மாறினாலும், பூட்ஸ் மாறினாலும் இதே கதைதான். வழிகள் நான்கு. பழைய துளையிலேயே ஸ்குரூவை ஏற்றலாம். அதை அடைத்துவிட்டுத் தள்ளிப் புதுத் துளை போடலாம். துளைக்குள் எஃகு இன்சர்ட் இறக்கி உலோக மரை உண்டாக்கலாம். இல்லையென்றால் நடுவில் ஒரு தகடு வைத்து அதன்மேல் பைண்டிங்கை உட்காரவைக்கலாம்.

பழைய துளையைத் தொடவே கூடாது என்று ஒரு கூட்டம் சொல்லும். பசையை ஊற்றி இறுக்கினால் எதுவும் நிற்கும் என்று இன்னொரு கூட்டம் சொல்லும். என் கட்சி வேறு. துளை அமைப்பு அச்சாகப் பொருந்தி, மரையும் கெட்டியாக இருந்தால் பழைய துளைதான் முதல் தேர்வு. இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி, கிட்டத்தட்டப் பொருந்துகிறது என்றால் நான்கு வழிகளையும் விட அதுதான் மோசம்.

முதலில் பூட்ஸ் கணக்கு

துளையை ஆராயும் முன் பூட்ஸைத் திருப்பிப் பாருங்கள். குதிகால் பக்கத்தில் 295, 305, 315 என்று ஓர் எண் பொறித்திருக்கும். அதுதான் அடிநீளம், மில்லிமீட்டரில். கால் சைஸ் வேறு, இது வேறு. ஒரே சைஸில் இரண்டு கம்பெனி பூட்ஸ் எடுத்தால் அடிநீளம் ஒன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது.

பூட்ஸின் பக்கவாட்டில் ஒரு நடுக்குறி உண்டு. ஸ்கீயின் மேலும் தயாரிப்பாளர் ஒரு குறி போட்டிருப்பார். இரண்டும் நேருக்கு நேர் வர வேண்டும். பழைய துளையைப் பயன்படுத்தும்போது இடிக்கிற இடம் இதுதான். முன்பு இருந்த பூட்ஸ் 305, இப்போது 325 என்று வைத்துக்கொள்வோம். பைண்டிங்கின் முன்பாதியான டோ பீஸ் பழைய இடத்திலேயே நிற்கிறது, குதிகாலைப் பிடிக்கும் ஹீல் பீஸ் மட்டும் 20 மி.மீ. பின்னால் போகிறது. அப்போது பூட்ஸின் நடு 10 மி.மீ. பின்னால் போய்விடும். அடிநீள வித்தியாசத்தில் பாதி எப்போதும் நடுவில் வந்து விழும், அவ்வளவுதான் கணக்கு.

5 மி.மீ. நகர்வு பலருக்குக் காலில் தெரியாது. 10 மி.மீ. தெரியும். நடு பின்னால் போனால் பொடிப் பனியில் முனை நன்றாக மிதக்கும், கெட்டிப் பனியில் திருப்பத்தைத் தொடங்கத்தான் ஸ்கீ சோம்பும். முன்னால் வந்தால் இதற்கு நேர்மாறு. அப்புறம், ஹீல் பீஸ் அவ்வளவு தூரம் நகருமா என்பதும் மாடலைப் பொறுத்தது. சிலவற்றில் தடம் நீளமானது. லுக் பிவட் போன்ற குட்டைப் பாதம் கொண்டவற்றில் சுமார் 20 மி.மீ.தான் விளையாட இடம்.

இந்தக் கணக்கு ஒத்து வரவில்லை என்றால், பழைய துளை எவ்வளவு புதுசாக இருந்தாலும் பயனில்லை.

பழைய துளையிலேயே ஏற்றுவது

துளை அமைப்பு ஒத்துப்போவது நினைப்பதைவிட அதிகம் நடக்கும். டைரோலியா செய்யும் பைண்டிங்குகள் ஹெட், ஃபிஷர் பெயர்களிலும் வருகின்றன. சாலமன் ஷிஃப்ட்டும் அடாமிக் ஷிஃப்ட்டும் ஒன்றேதான். லுக் செய்தவை ரோசிக்னால் பெயரில் விற்றிருக்கின்றன. ஆனால் பெயரை மட்டும் நம்பாதீர்கள், தலைமுறை மாறும்போது துளைகளின் இடமும் மாறலாம். துளைகளின் இடம் குறித்த காகித டெம்ப்ளேட்டை அச்சடித்து வைத்துப் பாருங்கள். அச்சடித்ததும் அதிலுள்ள அளவுகோலை நிஜ ஸ்கேலோடு ஒப்பிடுவது கட்டாயம். பிரிண்டர் 97 சதவீதத்துக்குச் சுருக்கித் தந்தால் எல்லாமே பாழ்.

பொருந்துகிறது என்றால் அடுத்தது துளையின் உடல்நிலை. ஆல்பைன் (மலைச்சரிவில் இறங்குவதற்கான) பைண்டிங் ஸ்குரூவின் விட்டம் சுமார் 5.5 மி.மீ. மரமும் கண்ணாடியிழையும் மட்டும் உள்ள ஸ்கீக்கு 3.6 மி.மீ. துரப்பணம், மேலே டைட்டனால் என்ற அலுமினியக் கலவைத் தகடு இருந்தால் 4.1 மி.மீ., அதோடு டேப் என்ற மரைவெட்டும் கருவியைப் போட்டு மரை வெட்ட வேண்டும். ஆழம் பெரியவர்களின் ஸ்கீக்கு 9 மி.மீ. பல ஸ்கீகளில் 4.1 x 9 என்று மேலேயே அச்சிட்டிருக்கும். துளைக்கும் ஸ்குரூவுக்கும் இடையிலுள்ள அந்த வித்தியாசத்தில்தான் முழுப் பிடிப்பும் இருக்கிறது. முதல் தடவை ஏற்றும்போது ஸ்குரூ தனக்கான மரையை மரத்தில் வெட்டிக்கொள்கிறது. கழற்றினாலும் அந்த மரை அங்கேயே இருக்கும்.

அதனால் மறுபடி ஏற்றும்போது கை அவசரப்படக் கூடாது. ஸ்குரூவைத் துளைமேல் வைத்து, முதலில் இடப்பக்கமாக, அதாவது கழற்றும் திசையில், மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு கட்டத்தில் ஸ்குரூ லேசாகக் கீழே இறங்குவது விரலுக்குத் தெரியும். பழைய மரையின் வாய் அதுதான். அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் பழைய வழியிலேயே இறங்கிவிடும். நேராக அழுத்தித் திருப்பினால் பழைய மரைக்குக் குறுக்கே இன்னொரு மரை வெட்டிக்கொண்டு போகும், இரண்டுக்கும் பலம் இருக்காது. மின் திருப்புளி வேண்டாம், கைத் திருப்புளி போதும். முனை போசிட்ரைவ் 3-ஆக இருக்கட்டும். பிலிப்ஸ் முனையும் பொருந்துவது போலத்தான் தெரியும், கடைசித் திருப்பில் வழுக்கி ஸ்குரூ தலையைத் தின்றுவிடும்.

துளை நல்லதா என்பதைக் கடைசி அரைச்சுற்று சொல்லிவிடும். இறுகி நின்றுவிட்டால் நல்லது. இறுகுவது போல வந்து, திடீரென்று லேசாகிச் சுற்றினால் மரை போய்விட்டது. உள்ளே கறுத்திருந்தாலோ, ஊசியால் சுரண்டும்போது ஈரமான மரத்தூள் வந்தாலோ தண்ணீர் இறங்கியிருக்கிறது. அந்தத் துளையை அப்படியே நம்பக் கூடாது. கதவுக் கீலில் ஸ்குரூ ஆடினால் தீக்குச்சி சொருகி இறுக்குவோமே, அந்த வைத்தியம் இங்கே செல்லாது. முன்பக்கமாக விழும்போது ஹீல் பீஸை மேலே இழுக்கும் விசை முழுவதும் இந்த நாலைந்து ஸ்குரூக்களில்தான் வந்து நிற்கும்.

பசை பற்றிச் சண்டை நிறைய. நல்ல மர ஸ்கீயில் தண்ணீர் தாங்கும் மரப்பசை ஒரு சொட்டு போதும். ஸ்குரூ வழுக்கி இறங்க உதவும், காய்ந்ததும் தண்ணீரைத் தடுக்கும், பிறகு கழற்றவும் விடும். எபாக்ஸி உலோகத்திலும் பிடிக்கும், சற்றுத் தேய்ந்த மரையையும் நிரப்பும். அதற்கு விலை, கழற்றும்போது கொடுக்க வேண்டும்: சாலிடரிங் இரும்பின் முனையை ஸ்குரூ தலையில் வைத்துச் சூடேற்றி, எபாக்ஸி இளகிய பிறகே திருப்புளியைப் போட வேண்டும். சூடேற்றாமல் முறுக்கினால் ஸ்குரூவோடு மரமும் பெயர்ந்து வரும். மரை கொஞ்சம் போன துளைக்கு எபாக்ஸியோடு சில இழை எஃகுப் பஞ்சு சேர்ப்பது பழைய தந்திரம், ஒன்றிரண்டு துளைக்கு அது சரி. எல்லாத் துளையும் அப்படித்தான் என்றால் கீழே வரும் இன்சர்ட்டுக்குப் போய்விடுங்கள்.

இன்னொன்று, பலர் மறப்பது: ஸ்குரூ நீளம். புதுப் பைண்டிங்கின் அடித்தட்டு மெல்லியதாக இருந்து பழைய ஸ்குரூவையே போட்டால், 9 மி.மீ. துளைக்குள் அதைவிட நீளமான ஸ்குரூ இறங்கும். ஸ்கீயின் அடிப்பரப்பில் சின்னப் புடைப்பு கிளம்பும். ஸ்குரூவைப் பைண்டிங்கில் சொருகி, அடியில் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்துவிட்டு ஏற்றுங்கள்.

அடைத்துவிட்டுப் புதுத் துளை

பொருந்தவே இல்லை என்றால் இதுதான் சாதாரண வழி. துளைகளுக்கு நடுவே போதிய இடம் இருக்கும் வரை ஸ்கீ பலவீனப்படாது. மையத்துக்கு மையம் 10 மி.மீ. இருந்தால் நிம்மதி. 8-க்குக் கீழே நான் போகமாட்டேன். அதற்கும் உள்ளே விழுகிறது என்றால், பைண்டிங்கை மொத்தமாக 5 மி.மீ. முன்னாலோ பின்னாலோ தள்ளினால் போதும், பெரும்பாலும் சிக்கல் தீர்ந்துவிடும். முதலில் பார்த்த நடுக்குறிக் கணக்கில் அந்த 5 மி.மீ.க்கு இடம் உண்டு.

பழைய துளையோடு புதுத் துளை பாதி உரசுவதுதான் வம்பு. பழையதில் பிளாஸ்டிக் பிளக் அடைத்திருந்தால் துரப்பண முனை மென்மையான பக்கம் சறுக்கும். நீங்கள் குறித்த இடத்தில் துளை விழாது. விழுந்தாலும் ஸ்குரூ ஒரு பக்கம் மரத்தையும் மறுபக்கம் பிளாஸ்டிக்கையும் கடித்துக்கொண்டு நிற்கும். வேறு வழியே இல்லை என்றால் மரக் குச்சியை எபாக்ஸியில் தோய்த்து அடைத்து, நன்றாகக் காயவிட்டு, மேல்பரப்போடு சமமாகச் சீவியபின் துளை போடலாம். அங்கேயும் இன்சர்ட்தான் இன்னும் நல்லது.

பிளக்கின் வேலை பலம் தருவது அல்ல, தண்ணீரைத் தடுப்பது. அதனால் பைண்டிங்குக்கு அடியில் மறைகிற பழைய துளையையும் விட்டுவைக்காமல் அடைக்க வேண்டும். புதுத் துளை போட்டதும் விளிம்பில் ஒரு சின்ன மேடு எழும்பியிருக்கும். அதை உளியால் சீவித் துளை வாயை லேசாக அகலப்படுத்தாவிட்டால் பைண்டிங் ஸ்கீயோடு ஒட்டி உட்காராது. ஒரே ஸ்கீயில் எத்தனை தடவை இப்படிச் செய்யலாம் என்றால், மூன்றோடு நிறுத்துவது பொதுவான வழக்கம்.

இன்சர்ட்

வெளியே சுமார் 8 மி.மீ. மரை, உள்ளே எம்5 (5 மி.மீ. ஸ்குரூவுக்கான) மரை உள்ள துருப்பிடிக்காத எஃகுக் குழல் இது. குவிவர் கில்லர், பைண்டிங் ஃப்ரீடம் என்பவை தெரிந்த பெயர்கள். துளையைப் பெரிதாக்கி, டேப் போட்டு, எபாக்ஸி தடவி, மேல்பரப்புக்கு ஒரு இழை கீழே நிற்கும்படி இறக்க வேண்டும். அதற்குப் பிறகு பைண்டிங்கை எம்5 ஸ்குரூவால் எத்தனை முறை வேண்டுமானாலும் கழற்றி மாட்டலாம். மரத்தை இனி யாரும் கடிக்கப் போவதில்லை.

மரை போன பழைய துளைக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. சிதைந்த பகுதி முழுவதையும் துரப்பணம் அள்ளிக்கொண்டு போய்விடும், நல்ல மரத்தில் புது மரை விழும். மலையேற்றப் பைண்டிங்கையும் ஆல்பைன் பைண்டிங்கையும் ஒரே ஸ்கீயில் மாற்றி மாற்றிப் போடுகிறவர்களுக்கும் இதுதான் வழி.

வேலை மட்டும் பொறுமையைக் கேட்கும். துளை ஒரு டிகிரி சாய்ந்தாலும் பைண்டிங் அடித்தட்டின் ஓட்டையோடு ஒத்துப்போகாது. சாதாரண மர ஸ்குரூ அந்தச் சாய்வை மன்னிக்கும், எம்5 மன்னிக்காது. கையில் பிடித்துத் துளைப்பதைவிட ஸ்டாண்டில் பொருத்திய டிரில் நல்லது. ஸ்குரூ தலையின் வடிவமும் நீளமும் பைண்டிங்குக்கு ஏற்றபடி தேட வேண்டும். அதிர்வில் ஸ்குரூ தளராமலிருக்கக் குறைந்த பிடிப்புள்ள மரைப்பூட்டுப் பசை வேண்டும். அது சில பிளாஸ்டிக்குகளில் விரிசல் உண்டாக்கும் என்பதால் நுனியில் மட்டும் தொட்டுவைத்து, வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். இன்சர்ட் பெரிது என்பதால் பக்கத்துத் துளையோடு மோதுவதும் சீக்கிரம் நடக்கும்.

ஒரே பைண்டிங், ஒரே பூட்ஸ், மாற்றும் எண்ணமே இல்லை என்பவருக்கு இவ்வளவு வேலை தேவையில்லை.

தகடு

பழைய துளைகளில் தகட்டை இறுக்கி, தகட்டிலுள்ள தயார் மரைகளில் பைண்டிங்கை ஏற்றுவது. ஸ்கீயில் ஒரு புதுத் துளைகூட விழாது. ஆனால் உயரம் கூடும், எடை கூடும், காலடியில் ஸ்கீ வளைவதும் கொஞ்சம் மாறும். உங்கள் இரண்டு பைண்டிங்குகளுக்கும் சேர்த்துச் செய்த தகடு கிடைத்தால், விலையுள்ள ஸ்கீயில் துளை போட மனமில்லை என்றால், எடுத்துக்கொள்ளலாம். நான் இதைக் கடைசியில்தான் யோசிப்பேன்.

எந்த வழியில் ஏற்றினாலும் பசையை ஒரு ராத்திரி காயவிடுங்கள். பிறகு பூட்ஸை மாட்டி, ஹீல் பீஸிலுள்ள முன்னழுத்தக் குறி (அது பூட்ஸை முன்னால் எவ்வளவு அழுத்துகிறது என்று காட்டுவது) சரியான இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். அது தவறினால் டின் எண்ணை (எந்த விசையில் பூட்ஸை விட வேண்டும் என்ற அளவை) எவ்வளவு சரியாக வைத்தாலும் பைண்டிங் உரிய விசையில் விடாது. ஐ.எஸ்.ஓ. 11088 முறைப்படி விடுவிப்பு விசையைக் கருவியில் அளந்து தரும் கடை இருந்தால் பனியில் இறங்கும் முன் அங்கே காட்டிவிடுங்கள். முதல் நாள் முடிந்ததும் ஸ்குரூக்களைக் கையால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். பழைய துளையில் ஏறியது எதுவாவது கால்சுற்றுக்கு மேல் திரும்பினால் அந்தத் துளைக்கு இன்சர்ட் போட்டுவிடுங்கள்.