அலமாரிக்கு அரக்கு பாலிஷா, பாலியூரிதேன் வார்னிஷா?

சேலத்தில் அம்மா வீட்டிலும் ஏற்காட்டில் எங்கள் வீட்டிலும் ஒரே மாதிரி தேக்கு அலமாரிகள். இரண்டையும் முதலில் 120, பிறகு 220 எண் உப்புத்தாளில் தேய்த்து வால்நட் நிற ஸ்டெயின் பூசினேன். மேற்பூச்சில்தான் வழிகள் பிரிந்தன.

சேலத்து அலமாரிக்கு அரக்கு. ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பொட்டலத்தால் மெல்லிசாக இழுக்க வேண்டும். சீக்கிரம் காயும், மரத்தின் ரேகை உள்ளிருந்து ஒளிர்வதுபோல் தெரியும். கீறல் விழுந்தாலும் கவலையில்லை. புதுப் பூச்சிலுள்ள ஸ்பிரிட் பழைய அரக்கைக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஆனால் சூடான காபி டம்ளர் பட்டால் வெள்ளை வளையம் விழும். அம்மா வீட்டில் இப்போது மூன்று வளையங்கள். வைத்தவர் யாரென்று இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

அதே அரக்கை ஏற்காட்டில் பனிமூட்ட நாளில் பூசினேன். காற்றின் ஈரம் சிக்கி வெண்படலம் படர்ந்தது. மெழுகு கலந்த அரக்கின்மேல் பாலியூரிதேன் சரியாகப் பிடிக்காது என்பதால் முழுவதையும் ஸ்பிரிட்டால் துடைத்தெடுத்தேன். கூடவே ஸ்டெயினும் பாதி போனது. மறுபடி ஸ்டெயின், அதன்மேல் வார்னிஷ்: பூச்சுக்கு ஒரு நாள் காத்திருப்பு, இடையில் 320 எண் தாள், ஜன்னலைத் திறக்காவிட்டால் தலைவலி. கண்ணாடிபோன்ற பளபளப்பு எனக்குப் பிடிக்காது. அரைப் பளபளப்பு வகையை வாங்கினேன். சமையலறை ஆவிக்கும் மலை ஈரத்துக்கும் அது அசையவில்லை. ஆழமாகக் கீறினால் மட்டும் அந்தப் பலகையையே சுரண்ட வேண்டும்.

மலை வீட்டுக்கு வார்னிஷ்தான். சேலத்துக் கூடத்துக்கு இனியும் அரக்குதான், அதுவும் ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு.