பயிற்சி பலித்ததா: கடைசி நாள் தேர்வில் பார்ப்பதா, மூன்று மாதம் கழித்து லேபர் வார்டில் பார்ப்பதா?

பிறந்த குழந்தை அழாவிட்டால் முதல் ஒரு நிமிடத்துக்குள் என்ன செய்ய வேண்டும் என்று காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துச் செவிலியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். பயிற்சி பலித்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எழுத்துத் தேர்வு, கடைசி நாளில் ஆஸ்கி (OSCE: செய்ய வேண்டியவற்றின் பட்டியலை வைத்து, செய்து காட்டுவதற்கு மதிப்பெண் போடும் செய்முறைத் தேர்வு), சில மாதம் கழித்து அவரவர் லேபர் வார்டுக்கே குழந்தை வடிவப் பயிற்சிப் பொம்மையோடு போவது. இந்த மூன்றில் கடைசியைத்தான் எடுத்துக்கொண்டோம்.

எழுத்துத் தேர்வு மலிவு, சீக்கிரம் முடியும். ஆனால் மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990-ல் வகுத்த நான்கு படிகளில் (தெரியும், எப்படியென்று தெரியும், செய்து காட்டுவார், வேலையில் செய்கிறார்) முதல் இரண்டோடு அது நின்றுவிடும். ரொனால்ட் ஹார்டன் குழுவினர் 1975-ல் அறிமுகப்படுத்திய ஆஸ்கி மூன்றாம் படிக்கு ஏறுகிறது. பட்டியலை வைத்து எல்லோரையும் ஒரே அளவுகோலில் பார்க்கலாம் என்பதால் கல்லூரித் தேர்வுக்கு அது நல்ல முறை.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது நாள் கணக்கு. உயிர்ப்பித்தல் பயிற்சியில் படித்தது ஓரளவு நினைவில் நிற்கும், கைப்பழக்கமோ சில மாதங்களிலேயே மங்கிவிடும். பிறக்கும் 100 குழந்தைகளில் சுமார் 10 பேருக்குத்தான் மூச்சுவிட ஏதாவது உதவி தேவைப்படும். அதிலும் பலருக்கு நன்றாகத் துடைத்து, முதுகைத் தேய்த்துவிட்டாலே போதும். சிக்கலான பிரசவங்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும் சிறிய ஆரம்ப சுகாதார நிலையத்தில், ஒரு சிஸ்டர் அம்பு பேக்கை (முகத்தில் மாஸ்க் வைத்து, அழுத்திக் காற்று செலுத்தும் பை) கையில் எடுக்காமலேயே பல மாதம் ஓடிவிடும். நேற்று கற்றதை இன்று கேட்டால் எல்லோரும் தேறுவார்கள். நமக்குத் தெரிய வேண்டியது, மூன்று மாதம் கழித்து நடு இரவில் அந்தக் கை எப்படி வேலை செய்யும் என்பது.

உண்மையான பிரசவத்திலேயே பார்க்கலாமே என்பார்கள். அழாத குழந்தை பிறக்கும் என்று யாரும் காத்திருக்க முடியாது. பிறந்தாலும் அந்த நேரத்தில் பட்டியலோடு நிற்பது தவறு, உதவிக்குப் போக வேண்டும். அதனால்தான் பொம்மை. அதை அவர்களுடைய மேசையில் கிடத்தி, அவர்களுடைய பேக்கையே எடுக்கச் சொல்லி, நெஞ்சு முதலில் உயரும் வரை நேரம் பார்க்கிறோம். மாஸ்க் ஓரத்தில் காற்று கசிவது அப்போது தெரியும். அப்புறம் இன்னொன்றும் தெரியும்: பேக் பூட்டிய அலமாரியில் இருக்கிறது, சாவி வேறொருவரிடம். பயிற்சிக் கூடத்தில் எல்லாம் மேசைமேல் தயாராக இருக்கும் என்பதால் எந்த ஆஸ்கியிலும் இந்தக் குறை வெளியே வராது.

பொம்மையிடம் நன்றாகச் செய்தவர் குழந்தையிடமும் அப்படியே செய்வார் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஒரு சிறிய நிலையத்தின் பிரசவ எண்ணிக்கையை வைத்து இறப்பு குறைந்தது என்று சொல்வதும் சரியில்லை. நோயாளியிடம் பேசும் முறை போன்ற, தினமும் நடக்கும் வேலைகளுக்கு நேரில் நின்று கவனிப்பதே பொருத்தம் என்று தோன்றுகிறது. அதில் எனக்கு அனுபவம் குறைவு.

ஊர் ஊராகப் போக ஆள் இல்லாத இடங்களில் இரண்டு சிஸ்டர்கள் வாரம் ஒருமுறை ஒருவரையொருவர் பட்டியல் வைத்துப் பார்க்கலாம். பழக்கத்துக்கு அது மிக நல்லது. கூட வேலை பார்ப்பவருக்குத் தாராளமாக மதிப்பெண் போடுவது சகஜம் என்பதால், அந்த மதிப்பெண்ணை மட்டும் மதிப்பீட்டில் சேர்க்க வேண்டாம்.